‘தக்கலை வீடு’ குழுவில்: லைட்டு அடிச்சா கேன்சர் போகுமா?

[7:42] செல்வன் மாமா: லேசர் லைட்டு அடிச்சா கேன்சர் போயிரும், ஆபரேஷனே வேண்டாம்னு ஒரு ஃபார்வர்டு கிடக்கு. உள்ளதா மக்கா?

[7:50] ஷைனி: பாதி உள்ளது மாமா. போட்டோடைனமிக் தெரபி. லைட்டு மட்டும் அடிச்சா ஒண்ணும் ஆகாது, மருந்து மட்டும் ஏத்துனாலும் கட்டி சாகாது. மருந்து, அதுக்குண்டான நிறத்து வெளிச்சம், திசுவுல உள்ள ஆக்சிஜன், மூணும் ஒரே இடத்துல சேரணும்.

[7:53] அஜின்: மருந்து வெளிச்சத்தக் குடிச்சு, அந்தச் சக்திய பக்கத்துல உள்ள ஆக்சிஜனுக்குக் குடுக்கும். அதுதான் சிங்லெட் ஆக்சிஜன். உண்டான இடத்துலயே செல் சவ்வையும், செல்லுக்குச் சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவையும் அரிச்சிரும், ஒரு செல்லு தூரம்கூட போகாது. கட்டிக்குப் போற ரத்தக்குழாயும் அடைபடும்.

[7:54] செல்வன் மாமா: அப்போ நல்ல செல்லு?

[7:59] ஷைனி: மருந்து நல்ல திசுவுக்கும் போகும், கட்டியில கூடுதலா தங்கும். இதுக்குக் குடுக்குற ஒரு மருந்து போர்பைமர் சோடியம். அதுன்னா உடம்பு எடை கிலோவுக்கு 2 மி.கி., நரம்பு வழியா 3–5 நிமிஷத்துல மெதுவா. உடனே லைட்டு கிடையாது. 40–50 மணி நேரம் கழிச்சு எண்டோஸ்கோப் குழாய் வழியா, வெளிச்சத்தக் கொண்டு போற ஃபைபர் இழைய விட்டு 630 நானோமீட்டர் சிவப்பு லேசர். உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஒரு செ.மீ. நீளத்துக்கு 300 ஜூல், ஏறக்குறைய பன்னிரண்டரை நிமிஷம்.

[8:01] செல்வன் மாமா: சிவப்பு என்னத்துக்கு?

[8:06] அஜின்: இந்த மருந்து 405 நானோமீட்டர் பக்கத்துல உள்ள ஊதா வெளிச்சத்ததான் ரொம்பக் குடிக்கும். ஆனா அத ரத்தமே மறிச்சிரும். உள்ளங்கைக்கு அடியில டார்ச் வச்சா விரலு சிவப்பாத்தானே தெரியும், அந்தச் சிவப்புதான் உள்ள போகும். அதுவும் 5 மி.மீ. முதல் 1 செ.மீ. வர. உடம்பெல்லாம் பரவுன நோய்க்கு இது ஆகாதுன்னு சொல்லுறது இதனாலதான். ஃபார்வர்டுல அத விட்டுட்டான்.

[8:08] அஜின்: ஃபைபர் நுனியில ரத்தம் ஒட்டுனாலும் வெளிச்சம் அங்கேயே நின்னுரும். சீக்கிரம் முடிக்கணும்னு பவர கூட்டுனா ஆக்சிஜன் தீர்ந்துரும், ரத்தம் புதுசா கொண்டு வர நேரம் இருக்காது. லைட்டு எரியும், வேலை நடக்காது.

[8:15] தெரசா சித்தி: வெத்தில, பொயில போடுறவங்களுக்கு வர வாய்ப்புற்றுக்கு?

[8:21] ஷைனி: ஆரம்பத்துலயே கண்டா ஆபரேஷன்தான் முதல் வழி சித்தி, லைட்ட நம்பி நாள் கடத்தப்படாது. ஆபரேஷன் செய்ய முடியாத தலை, கழுத்துப் புற்றுக்கு ஜப்பான்ல 2020ல ஒரு மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க. புற்று செல்லத் தேடி ஒட்டுற செடுக்ஸிமாப்ங்குற ஆன்டிபாடியில, வெளிச்சத்தக் குடிக்குற சாயத்த ஒட்டி ஏத்தி, மறுநாள் 690 நானோமீட்டர் வெளிச்சம். பெரிய ரத்தக்குழாய அரிச்சிட்டிருக்க கட்டிக்கு போட்டோடைனமிக் ஆகவே ஆகாது. கட்டி செத்து உதிர்ந்தா ரத்தம் கொட்டும்.

[8:30] ஷைனி: கேட்டியளா, உண்மையான பாடு பொறவுதான். போர்பைமர் தோல்ல குறைஞ்சது 30 நாள் கிடக்கும். நம்ம ஊரு வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாலே வெந்துரும். சன்ஸ்கிரீன் உதவாது. அது தடுக்கிறது புறஊதாவ, இங்க சுடுறது கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம். முழுக்கை சட்டை, கையுறை, அகல தொப்பி, கறுப்புக் கண்ணாடி. பல் டாக்டர் விளக்கும் ஆகாது.

[8:32] தெரசா சித்தி: அப்போ ரூம இருட்டாக்கி வைக்கணுமா?

[8:35] ஷைனி: வேண்டாம். சாதாரண ரூம் வெளிச்சத்துல தோல்ல உள்ள மருந்து மெல்ல சிதையும். இருட்டுல கிடந்தா நாளுதான் நீளும்.

[8:37] அஜின்: எலிக்காய்ச்சலுக்குக் குடுக்க டாக்ஸிசைக்ளின், தையசைடு பிரஷர் மாத்திரை, ரெண்டும் வெயில் கூச்சத்தக் கூட்டும். டாக்டர்ட்ட முன்னயே சொல்லணும்.

[8:40] தெரசா சித்தி: எப்போ வெளிய வரலாம்?

[8:46] ஷைனி: 30 நாள் கழிச்சு பேப்பர் பையில 5 செ.மீ. ஓட்டை போட்டு, கைய உள்ள விட்டு வெயில்ல 10 நிமிஷம். 24 மணி நேரத்துல சிவப்போ வீக்கமோ கொப்புளமோ வந்தா இன்னும் 2 வாரம் மூடிக்கிட்டுதான் இருக்கணும், பொறவு மறுபடி சோதனை.

[8:47] தெரசா சித்தி: முகத்த வச்சு பாத்தா?

[8:48] ஷைனி: கூடாது சித்தி. கண்ணச் சுத்தி உள்ள தோலுக்கு கூச்சம் கூடுதல். கைதான்.