புதுப்பிப்பு: கதிர்காமம் போய்ச் சேர்ந்தாச்சு

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து இலங்கையின் தெற்கேயுள்ள கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரையாக நடக்கிறேன், ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். சரி, நடந்து முடித்தாச்சு. பணமும் நினைத்ததைவிடக் கூடவே சேர்ந்தது.

கிழக்குக் கரை ஊர்களில் சோற்றுக்குக் கவலையில்லை, கோயிலுக்குக் கோயில் அன்னதானம். உகந்தை முருகன் கோயிலருகே யாத்திரைக்காரர்களுக்காகக் காட்டுப்பாதை திறந்த பிறகுதான் உண்மையான நடை. குமண, யால காடுகளில் கடை ஏது? அரிசி, பருப்பு எல்லாம் தோளில். கும்புக்கன் ஆற்றில் குளித்து, கரையில் எல்லோருமாகச் சமைத்த இரவுதான் எனக்குப் பிடித்தது. கால் கொப்புளங்களைப் படம் போடப் போவதில்லை!

'உண்டியல் ஏந்தினீர்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. விரதமிருந்து நடப்பவர்களிடம் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாம் வங்கிக் கணக்குக்கு வந்ததுதான். கொப்பி, சப்பாத்து வாங்கியதும் பற்றுச்சீட்டுகளை இங்கேயே போடுகிறேன்.