உதவி: மதிய டிரிப்பில் கேபின் சூடு தாங்கவில்லை

இரணியல்காரன்:
நான் அசிஸ்டன்ட் லோகோ பைலட், அதாவது ரயில் எஞ்சினில் உதவி ஓட்டுநர். இது எனக்கு இரண்டாவது கோடை. குட்ஸுக்குப் பெரும்பாலும் ஏசி இல்லாத பழைய எலக்ட்ரிக் எஞ்சின்தான் வருகிறது. நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி வரை ஒன்றும் தெரியாது. வள்ளியூர், நாங்குநேரி வந்தால் தலை கிறுகிறுக்கும், ஆனால் சட்டை காய்ந்தே இருக்கும். குழித்துறைப் பக்கம் போனால் சட்டையைப் பிழியலாம், தலை சுற்றாது. இது ஏன்? நேற்று திருநெல்வேலியில் இறங்கும்போது கெண்டைக்கால் வேறு பிடித்துக்கொண்டது.

ரிட்டயர்டு லோகோ பைலட்:
தம்பி, வியர்க்காமல் இல்லை, வியர்த்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. நம்ம பக்கம் கடல் ஈரம், வியர்வை உடம்பிலேயே நிற்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால் வறண்ட காற்று. தண்ணீர் போவதே தெரியாது. மறைக்காமல் சொல்லு, எவ்வளவு குடிக்கிறாய்?

இரணியல்காரன்:
அரை லிட்டர் இருக்கும், அண்ணாச்சி. எஞ்சினில் கழிப்பறை இல்லை, வண்டி எங்கே நிற்கும் என்றும் தெரியாது. அதனால் பயந்து குடிப்பதில்லை.

ரிட்டயர்டு லோகோ பைலட்:
அங்கேதான் கோளாறு. நானும் அப்படி அடக்கி அடக்கி சிறுநீரகக் கல் வாங்கியவன். டியூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடித்து, போய்விட்டு வந்து ஏறு. அப்புறம் கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு. வேறு வண்டிக்கு வழிவிட லூப்பில், அதாவது பக்கத் தண்டவாளத்தில், போட்டால் லோகோ பைலட்டிடம் சொல்லிவிட்டு இறங்கு, இதில் என்ன வெட்கம்? கால் பிடிப்பது உப்பு போவதால். ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுதாக 1 லிட்டரில் கரை, பாதி பாதியாகப் போடாதே. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டருக்குத் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷர் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள். பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால் அது வேறு கதை: உடனே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி வண்டியை நிறுத்த வேண்டும்.

ஷெட் ஆள்:
பாதிச் சூடு வெயிலில் இருந்து வருவதில்லை, முதுகுக்குப் பின்னால் மெஷின் ரூமில் இருந்து வருகிறது. அந்த ரூம் கதவு ரப்பர் கிழிந்திருந்தால் அந்த இடுக்கில் கையை வைத்துப் பாருங்கள், அடுப்பு வாய் மாதிரி அடிக்கும். லோகோ நம்பரோடு லாக் புக்கில் எழுதுங்கள். வாயால் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். 35 டிகிரிக்கு மேல் ஃபேன் சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். கழுத்தில் ஈரத் தோர்த்து (துண்டு) போட்டு அதன்மேல் காற்று பட்டால்தான் குளிரும். வண்டியை ஓட்டும் சுவிட்சுகள் உள்ள டெஸ்கில் மட்டும் சொட்டவிடாதீர்கள்.

குழித்துறை:
ஏசி எஞ்சினிலும் பெரிய சுகம் இல்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கொடி காட்ட ஜன்னலைத் திறக்க வேண்டும், குளிர் பாதி வெளியே போய்விடும். பாட்டிலுக்கு நனைத்த சாக்குத்துணி சுற்றி காற்றில் வைத்தால் தண்ணீர் நன்றாகவே இருக்கும்.

இரணியல்காரன்:
மூன்று டிரிப் ஆகிவிட்டது. கால் பிடிப்பு இல்லை. கதவு ரப்பர் ஒரு சாண் கிழிந்திருந்தது, எழுதிவிட்டேன். நாங்குநேரி லூப்பில் இருபது நிமிடம் போட்டார்கள், இறங்கிப் போய் வந்தேன். லோகோ பைலட் சிரித்தார், அடுத்து அவரும் இறங்கினார்.