அப்பாவின் ரோலெக்ஸில் பூவேலை: செய்யலாமா?

சாவிகொடு:
அப்பா விட்டுப்போன வாட்ச், ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 1603. எழுபதுகளில் வாங்கியது, முழுக்க ஸ்டீல். பக்கங்களிலும் பின்மூடியிலும் கொடியும் பூவுமாகக் கையாலேயே செதுக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பழையடயல்:
வேண்டாம் சார். வெட்டினால் வெட்டினதுதான். பிடிக்கவில்லை என்று பாலிஷ் போட்டு அழிக்கப் போனால் கேஸ் (வாட்சின் உலோகக் கூடு) இளைத்துவிடும், பட்டை மாட்டும் காதுகளின் விளிம்பு மழுங்கிவிடும். பழைய வாட்ச் வாங்குகிறவன் முதலில் தடவிப் பார்ப்பதே அந்த விளிம்பைத்தான்.

உளிச்சத்தம்:
நான் செதுக்கு வேலை பழகுகிறவன், அதனால் ஒருபக்கமாகத்தான் பேசுவேன். ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 1.77 கோடி டாலருக்குப் போனது. அதன் பின்மூடியில் 'பார்த்து ஓட்டு' என்ற பொருளில் அவர் மனைவி ஜோவான் உட்வர்டு வெட்டச் செய்து கொடுத்த வரி இருந்தது. இன்னொரு நடிகர் மார்லன் பிராண்டோ தன் ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டரின் பின்னால் தானே பேரைக் கீறிக்கொண்டார். அதுவும் 2019-இல் 19 லட்சம் டாலருக்கு மேல் போனது.

பழையடயல்:
அது நியூமன் கட்டிய வாட்ச் சார்! நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் 'மங்களம் 12-6-71' என்று பேர் வெட்டியிருந்தால் கடைக்காரன் எடைக்குத்தான் எடுப்பான். அப்புறம், நியூமன் வாட்சில் இருந்தது ஒரே வரி. இவர் கேட்பது கேஸ் முழுக்க.

உளிச்சத்தம்:
விற்கப்போவதாக அவர் எங்கே சொன்னார்? 1931-இல் வந்த ரெவெர்சோவைப் பாருங்கள். போலோ ஆட்டத்தில் கண்ணாடி உடையாமலிருக்க முகத்தை உள்பக்கமாகத் திருப்பி வைக்கும் வாட்ச். வெறுமையாக இருந்த அந்த முதுகில் ஆட்கள் முதலெழுத்தும் குலச்சின்னமும் வெட்டிக்கொண்டார்கள். உங்கள் 1603-இன் கண்ணாடியைச் சுற்றிய வளையத்திலேயே எந்திரம் வெட்டிய கோடுகள் இருக்கின்றனவே!

சாவிகொடு சார், ஒன்று மட்டும் கேளுங்கள்: உளியா, லேசரா? லேசர் சுட்ட கோடு சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். உளி வெட்டிய பள்ளத்தில் இரண்டு சரிவும் பளபளக்கும், மணிக்கட்டைத் திருப்பினால் வெளிச்சம் கொடியோடு ஓடும். ஆனால் தங்கம் மாதிரி ஸ்டீல் இடம் கொடுக்காது. உளிமுனை சட்டென்று உடையும், வழுக்கினால் கேஸின் குறுக்கே ஒரு கீறல் விழும். அதனால் அவர் ஸ்டீலில் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள், வெள்ளியில் செய்ததை அல்ல.

காலண்டர்:
சட்டப்படி பயமில்லை என்றே நினைக்கிறேன். ஜெனீவாவில் ரோலெக்ஸை மாற்றித் தரும் ஒரு நிறுவனத்தின் மீது ரோலெக்ஸ் போட்ட வழக்கில், 2024 ஜனவரியில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: உரிமையாளர் கேட்டு, அவர் சொந்தமாகக் கட்டிக்கொள்ள மாற்றித் தரலாம், மாற்றிய வாட்சை ரோலெக்ஸ் பேரோடு சந்தையில் விற்பதுதான் தப்பு.

பழையடயல்:
நீதிமன்றம் விடும், சர்வீஸ் சென்டர் விடுமா? மாற்றிய வாட்சைத் தொடமாட்டோம் என்பார்கள். சரி, ஆசை தீரவில்லை என்றால் பின்மூடியோடு நிறுத்துங்கள். திருகிக் கழற்றுவதுதானே, பின்னால் வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பக்கங்களை அப்படி மாற்ற முடியாது.

சாவிகொடு:
இன்று கடையில் பின்மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்பக்கம் ஊசியால் கீறியது மாதிரி மூன்று தேதிகள்: 3/78, 11/84, 6/91. சர்வீஸ் செய்தவர்கள் கீறி வைப்பதாம். 91-க்கு அப்புறம் எதுவும் இல்லை, அப்பா ஓய்வு பெற்ற வருடம். பக்கங்களைத் தொடப்போவதில்லை. முதலில் சர்வீஸ். பின்மூடி பற்றி யோசிக்கிறேன். உளிச்சத்தம் சார், ஸ்டீலில் நீங்கள் செய்த வேலை இருந்தால் படம் போடுங்களேன்?

உளிச்சத்தம்:
நான் இன்னும் பித்தளையில்தான் பழகுகிறேன் சார்.