மணல் புல்வெளியில் காம்புள்ள பஃப்பால்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

டர்பனிலிருந்து:

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் மபுடலாந்து பக்கம் போகிறவர்கள் அடுத்த முறை தரையைப் பார்த்து நடங்கள். ம்பாஸ்வானா தாண்டி, யூகலிப்டஸ் தோட்டத்துக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவில் மிஞ்சியிருக்கிற ஒரு துண்டுப் புல்வெளியில் நானும் மைத்துனரும் ஒரு காம்புள்ள பஃப்பாலை, அதாவது உள்ளே தூள் நிறைந்த உருண்டைக் காளானைப் பார்த்தோம். குளிர்காலம், புல்லெல்லாம் காய்ந்து சாய்ந்து கிடக்கிறது, நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெளிறிய உருண்டை மெல்லிய பழுப்புக் காம்பின் மேல் நிற்கிறது. உச்சியில் குட்டிக் குழாய் மாதிரி ஒரு வாய், அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். விரலால் லேசாகத் தட்டினால் வாய் வழியாகக் காவி நிறத் தூள் புகையாக வருகிறது. அதுதான் ஸ்போர், காளானுக்கு விதை மாதிரி. மற்ற நேரத்தில் இந்த வேலையை மழைத்துளியும் காற்றும் செய்கின்றன.

துலோஸ்டோமா என்று இந்தப் பேரினத்துக்கு 1794-லேயே பூஞ்சை ஆய்வாளர் பெர்சூன் பெயர் வைத்துவிட்டார். உருண்டை மண்ணுக்குள்ளேயே உருவாகிறது, பிறகுதான் காம்பு நீண்டு அதை வெளியே தள்ளுகிறது. அதனால் காம்பில் பாதிக்கு மேல் மணலுக்குள்தான் இருக்கும். மேலே தெரிவதை மட்டும் கிள்ளி எடுத்தால் பாதிக் காளான்தான் கையில் வரும். எனக்குத் தெரிந்த பல்கலைக்கழக அக்கா ஒருவரிடம் படத்தைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வியே "அடிப்பகுதி எங்கே?" என்பதுதான். பிறகு ஊர்த் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கத்தியால் சுற்றிலும் தோண்டி, மணலோடு சேர்த்தே எடுத்தோம். காம்பின் அடியில் மணலும் பூஞ்சை இழையும் சேர்ந்து ஒரு சின்ன உருண்டையாகக் கெட்டிப்பட்டிருந்தது.

மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஸ்போரின் மேல் முள்ளா, வரப்பா, வலைப்பின்னலா? தூளோடு கலந்து கிடக்கும் இழைகள் கணுவில் வீங்கியிருக்கின்றனவா? வெளித்தோல் சவ்வாக உரிகிறதா, மணலோடு ஒட்டிப் பொடியாக உதிர்கிறதா? வாய் குழாய் வடிவமா, வெறும் கிழிந்த ஓட்டையா? கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு காளான்கள் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்கிற, பூஞ்சை இனங்களை அடையாளம் காண உதவும் பகுதியையும் பார்த்தார்கள், பொதுத் தரவுத்தளத்தில் எதோடும் சரியாகப் பொருந்தவில்லை. அப்படியென்றால் புது இனமா என்று மைத்துனர் குதித்தார். அக்கா சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார்: நம் நாட்டுத் துலோஸ்டோமாக்களில் பலவற்றுக்கு டிஎன்ஏ இன்னும் எடுக்கவே இல்லை, அதனால் பொருந்தாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. 1948-ல் ஏவரில் பாட்டம்லி என்கிற பூஞ்சை ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவின் இந்த வகைக் காளான்களையெல்லாம் தொகுத்து எழுதினார். அவர் பார்த்த உலர்ந்த மாதிரிகள் பிரிட்டோரியா தேசியத் தொகுப்பில் இருக்கின்றன. பழைய பெயர்களின் மூல மாதிரிகளோடு, அதாவது அந்தப் பெயரை வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய காளான்களோடு, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எதுவும் இது இல்லை என்று உறுதியான பிறகுதான் புதுப்பெயர். அதற்கும் ஒரு மூல மாதிரியைத் தொகுப்பில் வைக்க வேண்டும், பெயருக்குப் பதிவு எண் வாங்க வேண்டும். 2013 முதல் பூஞ்சைகளுக்கு அது கட்டாயம்.

இது வீண் வேலை இல்லை. ஐரோப்பாவில் 2017-ல் ஜெப்சன் குழுவினர் இப்படி உட்கார்ந்து பார்த்துத்தான் 5 புது இனங்களை விவரித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் துலோஸ்டோமா பன்னோனிக்கம், ஹங்கேரி பக்கத்து மணல் புல்வெளிகளை நினைவூட்டும் பெயர். அத்தனை பேர் அத்தனை காலம் தேடிய ஐரோப்பாவிலேயே அவ்வளவு என்றால் நம் மணலில் என்னென்ன இருக்கும்! ஆனால் பார்த்து முடிக்கும் வரை புல்வெளி இருக்க வேண்டுமே. நாங்கள் போன இடத்தை ஒட்டியே புது மரக்கன்று வரிசை தொடங்கிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

அண்ணா, நான் பார்த்தது கரையான் புற்றின் மேல். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம், நீள வெள்ளைத் தொப்பி, உள்ளே கறுப்புத் தூள். அதுவும் இதேதானா?

டர்பனிலிருந்து:

இல்லை தம்பி, அது பொடாக்சிஸ் என்கிற வேறு காளானாக இருக்கும். துலோஸ்டோமாவுக்குத் தொப்பி கிடையாது, உருண்டைதான். பொடாக்சிஸுக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு தெரியுமா? தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக் இந்தியாவிலிருந்து அனுப்பியதை வைத்துத்தான் சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1771-ல் அதை முதலில் விவரித்தார். புற்றோடு சேர்த்து ஒரு படம் போடுங்கள்.

க்கெபெர்ஹாவிலிருந்து (பழைய போர்ட் எலிசபெத்):

இந்த ஊரில் மலபார் என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மணல் மேட்டில் அப்பா இதுபோலச் சிலதைப் பார்த்திருக்கிறார், நானும் போய்ப் பார்த்தேன், வாயைச் சுற்றி வளையம் நன்றாகவே தெரிகிறது. எப்படி எடுத்து வைப்பது?

டர்பனிலிருந்து:

அருமை! முதலில் நிற்கிற இடத்திலேயே பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுங்கள், வாய் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம் அடியோடு தோண்டுங்கள், கழுவாதீர்கள், மணலைத் தட்டிவிடாதீர்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டுக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், பூசணம் பிடித்துவிடும். இடம், தேதி, பக்கத்தில் என்ன புல், இதெல்லாம் உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடாமல் சிலதை அங்கேயே விட்டுவிடுங்கள். இடம் காப்புப் பகுதிக்குள் வந்தால் படம் மட்டும் போதும், அனுமதி கிடைத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.