மறு: மறு: படத்திருத்தியில் நான்கு சரங்கள், வெள்ளிக்குள் வேண்டும்

க. எழுதியது:

வணக்கம். படத்திருத்தி மென்பொருளின் தமிழாக்கத்தில் நான்கு சரங்கள் (திரையில் தோன்றும் சொற்கள்) இன்னும் தொங்குகின்றன: ரெட்-ஐ ரிமூவல், பெட்-ஐ, கலர் காஸ்ட், டின்ட். வெள்ளி இரவு கோப்பைப் பூட்டிவிடுவார்கள். பொத்தானில் பதினாறு எழுத்துக்கு மேல் இடமில்லை. மீறினால் முப்புள்ளி வைத்து வெட்டிவிடும். முதலாவதற்கு யாரோ "கண் சிவப்பு நீக்கு" என்று ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். அப்படியே விடலாமா?

மரு. ம. எழுதியது:

விடாதீர்கள். கண் சிவப்பு என்றால் ஊருக்கே மெட்ராஸ் ஐதான். அது வெள்ளைவிழி சிவப்பது. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் சிவப்பது கண்மணி, விழியின் நடுவிலுள்ள கருவட்டம். இருட்டில் கண்மணி விரிந்திருக்கும். லென்ஸை ஒட்டியுள்ள பிளாஷின் ஒளி அதன் வழியே புகுந்து, விழித்திரைக்குப் பின்னே குருதி நிறைந்த அடுக்கில் பட்டு, போன வழியே திரும்பி லென்ஸில் விழுகிறது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. சொட்டு மருந்து விளம்பரம் போன்ற பெயர் இதற்கு எதற்கு?

பு. எழுதியது:

செம்மை + கண் = செங்கண். சொல் கையிலேயே இருக்கிறது. நிலையைக் குறிக்க வேண்டுமென்றால் கண் + செம்மை = கட்செம்மை. கட்செவி போல. (கட்செவி என்றால் பாம்பு, வாட்ஸப்பைக் "கட்செவி அஞ்சல்" ஆக்கியவர்களுக்கும் நினைவூட்டுகிறேன்.) போகிற போக்கில், "பிளாஷ்" எதற்கு ஐயா? மின்வெட்டொளி என்று எழுதலாமே.

ச. எழுதியது:

மின்வெட்டு என்றதும் மின்வாரியத்துக்குப் போன் போடுவார்கள், ஒளி எங்கே வரும்?

செங்கண் சினத்தைக் குறிக்கும், திருமாலையும் குறிக்கும். "செங்கண் நீக்கு" என்று பொத்தானில் போட்டால் வைணவர்கள் சண்டைக்கு வருவார்கள். கட்செம்மை அதைவிட மோசம். செம்மை என்றால் ஒழுங்கு, திருத்தம். இந்த மென்பொருளிலேயே "செம்மையாக்கு" என்றொரு கட்டளை இருக்கிறது. ஒரே பட்டியலில் ஒன்று செம்மையை ஆக்கும், ஒன்று நீக்கும்!

வி. எழுதியது:

கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள். தேர்ந்தெடுத்த இடத்தில் பச்சையையும் நீலத்தையும்விடச் சிவப்பு மிகுந்த புள்ளிகளைக் கண்டுபிடித்து, சிவப்பின் மதிப்பைக் குறைத்து, பச்சை நீலத்தின் சராசரி அளவுக்குக் கொண்டுவருகிறது. அவ்வளவுதான். கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளியில் மூன்று நிறமும் சமமாக இருப்பதால் அது தப்பிவிடும். தப்பவும் வேண்டும், இல்லையென்றால் முகம் பொம்மை முகமாகிவிடும். கண்மணியை மட்டும் வளைத்துத் தேர்ந்தெடுக்காமல் முழுப்படத்தில் ஓட்டினால் குங்குமப் பொட்டு கறுத்துப்போகும், உதடு சாம்பலாகும், அரக்குக் கரை அழுக்காகும். ஆகவே பொத்தானுக்கான உதவிக் குறிப்பில் "முதலில் கண்மணியைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வரி, பெயரைவிட முக்கியம்.

எடுக்கும்போதே தவிர்ப்பது இன்னும் எளிது: அறை விளக்குகளைப் போடுங்கள், கண்மணி சுருங்கும். பிளாஷை லென்ஸிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். அல்லது அதன் தலையை நிமிர்த்தி வெள்ளைக் கூரையில் மோதவிடுங்கள். இரண்டு ஸ்டாப் அளவு ஒளி போகும் (கால்பங்குதான் மிஞ்சும்), ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, கூட்டிக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்தின் உயரக் கூரையில் இது பலிக்காது. படத்துக்கு முன்பே ஒருமுறை மின்னிக் கண்மணியைச் சுருக்கும் முன்மினுக்கு வசதியும் கேமராவில் உண்டு, ஆனால் முதல் மினுக்கைப் பார்த்ததுமே படம் முடிந்தது என்று பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

என் ஓட்டு "சிவப்புக்கண் நீக்கு". பதினொரு எழுத்து.

பு. எழுதியது:

கண்மணி என்றதும் "பாவை" நினைவுக்கு வருகிறது. பாவைச்சிவப்பு! விழிக்குள் தெரியும் சிற்றுருவைப் பார்த்துத்தான் பாவை என்றார்கள். இலத்தீனிலும் கண்மணிக்குச் சிறு பொம்மை என்றே பெயர். கருமணியிற் பாவாய் என்று குறளில்...

க. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை. அடுத்தது பெட்-ஐ. நாய், பூனைப் படங்களுக்கானது.

வி. எழுதியது:

இதற்குத் தனிப் பொத்தான் இருப்பதற்குக் காரணம் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதனால் கண் பச்சையாக, மஞ்சளாக, சிலசமயம் நீலமாக ஒளிரும். சிவப்பைத் தேடும் கருவிக்கு இது தெரியவே தெரியாது. இங்கே நிறத்தைக் குறைத்துப் பயனில்லை. அந்த இடம் வெளுத்தே போயிருக்கும். கண்மணியைக் கருமையால் நிரப்பி, மின்னும் புள்ளியைத் திரும்ப வைக்க வேண்டும். "பூனைக்கண்" என்று மட்டும் போடாதீர்கள், அது மனிதருக்கே சொல்வது. "விலங்குக்கண்"?

மரு. ம. எழுதியது:

ஒரு வேண்டுகோள். குழந்தையின் கண்மணி படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் யாரும் இந்தப் பொத்தானால் கறுப்படித்து மறைத்துவிடக் கூடாது. பிளாஷ் ஒரு பக்கமாகப் போய்ப் பார்வை நரம்பின் முகப்பில் பட்டாலும் அப்படி வரும், அது தீங்கில்லை. ஆனால் கண்புரையாக இருக்கலாம், ஐந்து வயதுக்குள் வரும் விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். குறிப்பில் "குழந்தையின் கண்ணில் வெள்ளை ஒளிர்வு தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டவும்" என்று சேருங்கள்.

க. எழுதியது:

மூலத்தில் இல்லாத வரியைச் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை. மூலக் குழுவுக்கே வழுவாக (பிழை அறிக்கையாக) பதிந்துவிட்டேன்.

கலர் காஸ்டும் டின்டும்? இரண்டுக்கும் "நிறச்சாயல்" என்று இருக்கிறது.

வி. எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. காஸ்ட் என்பது படத்தின் மேல் வேண்டாமல் படரும் நிறம். பச்சைச் சுவரில் பிளாஷை மோதவிட்டால் முகம் பச்சை பூசிக்கொள்வதைப் போல. டின்ட் என்பது அதைத் திருத்தும் இரண்டு நகர்த்திகளில் (திரையில் இழுத்து நகர்த்தும் பட்டைகளில்) ஒன்று. முதல் நகர்த்தி, நிற வெப்பநிலை, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஓடும். டின்ட் ஓடுவது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (சிவப்பும் நீலமும் கலந்த நிறம்) நடுவில். டியூப்லைட் பச்சையைப் போக்க இதை மெஜந்தா பக்கம் தள்ள வேண்டும்.

கலப்பொளியில் இரண்டு நகர்த்தியும் தோற்கும். பிளாஷின் நிற வெப்பநிலை 5500 கெல்வின், பின்னால் குண்டு பல்பு 2700 முதல் 3000. முகத்தைச் சரிசெய்தால் பின்புறம் ஆரஞ்சு, பின்புறத்தைச் சரிசெய்தால் முகம் நீலம். பிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டி, வெண்சமநிலையை, அதாவது எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை, பல்புக்கு வைத்து எடுப்பதுதான் வழி. இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் வைத்தால் உதவிப் பக்கத்தை யாராலும் எழுத முடியாது.

பு. எழுதியது:

சாயல் என்பதே தவறு. "சாயல் மென்மை" என்பது தொல்காப்பிய உரியியல். நிறத்துக்கும் அங்கேயே இருக்கிறது: "குருவும் கெழுவும் நிறனாகும்மே". ஆகவே காஸ்ட் "குருப்படர்வு", டின்ட் "கெழு". எவ்வளவு சுருக்கம்!

ச. எழுதியது:

குருப்படர்வைப் பார்த்தவன் குருப்பெயர்ச்சி பலன் கேட்பான். ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பதால் காஸ்ட் "நிறச்சாய்வு". டின்டுக்குப் "பச்சை-மெஜந்தா" என்று முனைகளையே எழுதிவிடலாம், அகராதியே வேண்டாம்.

பு. எழுதியது:

தமிழாக்கத்தில் மெஜந்தாவா!

க. எழுதியது:

ஏற்றிவிட்டேன்: சிவப்புக்கண் நீக்கு, விலங்குக்கண் நீக்கு, நிறச்சாய்வு, பச்சை-மெஜந்தா. நால்வர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. மெஜந்தா மட்டும் அடுத்த வெளியீட்டில் மீண்டும் பேசலாம்.

பு. எழுதியது:

எதிர்ப்பைப் பதிந்ததற்கு நன்றி. "விலங்குக்கண்" நான்காம் வேற்றுமையா, ஆறாம் வேற்றுமையா என்பதையும் யாரும் பேசவில்லை.