50 வயசு 'டீனேஜ்' அரக்கன்: பார்த்தவங்க சொல்லுங்க

நடுநிசிக்காட்சி:
'டீனேஜ் மான்ஸ்டர்'னு ஒரு பழைய பேய் வெஸ்டர்ன், அதான் கௌபாய் படம், பார்த்தாச்சா? அதேதான், விண்கல் விழுந்து பையன் அரக்கனாகி, அம்மா ஊருக்குத் தெரியாம ஒளிச்சு வளர்ப்பாளே. நேத்து ராத்திரி 1 மணிக்குப் பார்த்தேன். விண்கல்னு ஒண்ணு வருது பாருங்க, சத்தியமா நம்ம தீபாவளிக் கம்பி மத்தாப்பு! நான் சிரிச்ச சிரிப்புல வீட்டுக்காரம்மா எழுந்துட்டாங்க. ஆனா மனசை விட்டுப் போகாதது வேற. அவன் ஏதோ சொல்ல வர்றான், பேச்சு குழறி உறுமலாத்தான் வருது. அம்மாவுக்கு மட்டும் புரியுது, பதில் சொல்றா. அப்புறம் தேடிப் பார்த்தா, 'பையன்' கில் பெர்கின்ஸ், அம்மாவா நடிச்ச ஆன் குவினை விட 11 வயசு மூத்தவர்! தெரிஞ்சும் அந்த உறுமல் காதுலயே நிக்குது.

ஆறுதோட்டா:
அது வெஸ்டர்னே இல்லைங்க. குதிரையும் தொப்பியும் இருந்தாப் போதுமா? நான் பார்த்தது 'பில்லி த கிட் வெர்சஸ் டிராகுலா', 1966. பில்லி சுடுறான், சுடுறான், ஒண்ணும் ஆகல. கடைசியில துப்பாக்கியையே தூக்கி மூஞ்சில வீசுறான். டிராகுலா பொத்துனு விழுறார்! 1944லயே யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு டிராகுலாவா நின்ன ஜான் கேரடைனுக்கு இந்தக் கதியா?

பழையரீல்:
@ஆறுதோட்டா, டிராகுலா வந்தா மட்டும் வெஸ்டர்னோ? நான் பார்த்தது இயக்குநர் ரோஜர் கார்மனோட 'கன்ஸ்லிங்கர்', 1956. பொம்பளை மார்ஷல் (ஊர் போலீஸ் மாதிரி), ஒரே சேறு. அவ்ளோதான்.

ஒண்ணு சொல்றேன், இதையெல்லாம் மொபைல்ல பார்க்காதீங்க. கார்ல உக்காந்தே படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டர்ல, கார் நிறைய வந்த பசங்களுக்கு எடுத்தது. அதுல பாதிப் பேர் திரையையே பார்த்திருக்க மாட்டாங்க. பில்லி படத்தைத் தனியாவும் பார்க்காதீங்க. அதே வருஷம் அதே இயக்குநர் வில்லியம் போடின் எடுத்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ் மீட்ஸ் ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் டாட்டர்' கூட ஜோடியா ஓடினது அது. ரெண்டையும் ஒரே ராத்திரியில போடுங்க, நாலு கூட்டாளிங்களைக் கூப்பிடுங்க, நடுவுல டீ வைங்க. தலைப்புல 'டாட்டர்'னு இருக்கறதை நம்பாதீங்க, அந்தம்மா ஃபிராங்கன்ஸ்டைனுக்கு மகள் இல்ல, பேத்தி. பிரிண்ட் மங்கலா இருந்தா வேற பிரிண்ட் தேடுங்க, பாதியில மட்டும் நிறுத்தாதீங்க.

நடுநிசிக்காட்சி:
அண்ணே, டீ வைக்கச் சொன்னா வீட்ல உதைதான் விழும். யாராவது அந்த உறுமல் சீனைப் பார்த்தீங்களா, இல்லையா?