36 மீட்டர் அகல ஆலைக் கூடம்: பி.இ.பி.யா, ஹாட் ரோல்டா?

தளப்பொறியாளர்: உற்பத்தி ஆலை ஒன்றுக்குக் கூடம் கட்டுகிறோம். 36 மீட்டர் அகலம், 96 மீட்டர் நீளம், நடுவில் தூண் கூடாது, 10 டன் கிரேன் ஓடும். எங்கள் ஆபீஸில் பி.இ.பி. (ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங்: தகடுகளை வெட்டி ஒட்டி ஷாப்பிலேயே செய்து, சைட்டில் பூட்டும் கட்டடம்) என்கிறார்கள். கிளையண்டின் கன்சல்டன்ட், ஹாட் ரோல்டு (சூடாக உருட்டி, நீளம் முழுக்க ஒரே அளவில் வரும் இரும்பு) தூணும் டிரஸ் (கம்பிகளை முக்கோணங்களாகக் கோத்த சட்டம்) கூரையும்தான் வேண்டும் என்று நிற்கிறார். எதை எடுப்பது?

வெல்டுமணி: பி.இ.பி. தான், யோசிக்கவே வேண்டாம். வளைவு விசை ஃபிரேம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. தூணும் ரஃப்டரும் (கூரையின் சாய்வு உத்திரம்) சேருமிடத்தில் உச்சம், அங்கே வெப்பை (web, ஐ வடிவ இரும்பின் நடுத்தகடு) ஆழமாக்குகிறோம். குறைகிற இடத்தில் ஒடுக்குகிறோம். ரோல்டு செக்‌ஷனில் உச்சத்துக்கு எடுத்த அளவே கடைசிவரை போகும். அத்தனையும் வீண் இரும்பு.

பழையஇரும்பு: அந்த "யோசிக்கவே வேண்டாம்" என்பதோடுதான் எனக்குச் சண்டை, சார். 250 கிரேடு இரும்புக்குப் பதில் 345 கிரேடு போட்டால் வலிமை கூடும், விறைப்பு கூடாது. இரண்டுக்கும் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் குணகம் சுமார் 200 ஜிகா பாஸ்கல்தான். வலிமையை நம்பித் தகட்டை மெலிதாக்கினால் அசைவு கூடுகிறது. கூரைத் தகடு அதைத் தாங்கிக்கொள்ளும். கிரேன் தண்டவாளம் தாங்காது. இரண்டு பக்கமும் விலகினால் சக்கர விளிம்பு உரசித் தேயும்.

வெல்டுமணி: அசைவு வரம்பை முதலிலேயே சொல்லாதவர் மேல் போட வேண்டிய பழி அது. சொன்னால் அதற்கேற்ற ஆழம் கொடுத்துவிடுவோம்.

பழையஇரும்பு: சரி, வெல்டு? பல ஷாப்களில் வெப்பையும் ஃபிளேஞ்சையும் (மேல், கீழ்த் தகடுகள்) ஒரு பக்கம் மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். நாள் முழுக்கச் சுமை ஏறி இறங்கும் கிரேன் கர்டருக்கு (தண்டவாளத்தைத் தாங்கும் உத்திரம்) அது ஆகுமா?

வெல்டுமணி: ஆகாது. கர்டருக்கு இரண்டு பக்கமும் வெல்டு வேண்டும், இதில் உங்களோடு நிற்கிறேன். மெயின் ஃபிரேமுக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

ஆலைபராமரிப்பு: இரண்டு பேரும் கட்டி முடித்துப் போய்விடுவீர்கள். அதற்குள் இருக்கிறவன் நான். எங்கள் கூடம் பி.இ.பி. தொங்கும் சுமைக்கென்று சதுர மீட்டருக்கு 10 கிலோ வைத்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் தீயணைப்புக் குழாய் வந்தது. 100 மி.மீ. குழாயில் தண்ணீர் நிரம்பினால் மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல். பிறகு காற்றுக் குழாய், கேபிள் டிரே. ஆட்கள் பர்லினின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓர உதட்டில் கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டார்கள். இசட் பர்லின் மெல்லிய தகடு, உதட்டில் இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். ஒரு வரிசையே சாய்ந்து, ஓடுகிற மிஷினை நிறுத்தி, அடியில் துணை பீம் கொடுத்தோம். டிசைன் நாளில் எங்களைக் கூப்பிட்டு "மேலே என்னென்ன மாட்டுவீர்கள்" என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழையஇரும்பு: இதற்காகத்தான் டிரஸ் என்கிறேன். கம்பிகள் கூடும் கணுவில் மாட்டலாம், பின்னால் பலப்படுத்தவும் எளிது.

வெல்டுமணி: கணுவில்தான் மாட்டுவார்கள் என்று யார் உத்தரவாதம்? நடுக் கம்பியில் மாட்டி வளைத்ததையும் பார்த்திருக்கிறேன். அண்ணன் சொன்ன கோளாறு சுமையைக் கேட்காததால் வந்தது. 10க்குப் பதில் 40 என்று எழுதித் தந்திருந்தால் அதே பி.இ.பி. நின்றிருக்கும்.

பழையஇரும்பு: அதை ஏற்கிறேன். ஆனால் எடை குறைவதால் அஸ்திவாரமும் சிறுத்துவிடும் என்று கிளையண்டிடம் சொல்லாதீர்கள். பலத்த காற்றில் லேசான கூரை மேல்நோக்கி இழுபடும். தூணை அஸ்திவாரத்தில் பூட்டும் ஆங்கர் போல்ட்டும் அடிக் கான்கிரீட்டின் எடையும்தான் பிடிக்க வேண்டும். அப்போது ரஃப்டரின் கீழ் ஃபிளேஞ்ச் அமுக்கத்துக்கு வரும். அதைப் பர்லினோடு பிடிக்கும் ஆங்கிள்களைச் சில்லறை வேலை என்று சைட்டில் விட்டுவிடுகிறார்கள். நீளமும் 96 மீட்டர்: 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 46 மி.மீ. நீளும். இரண்டு கோடியிலும் விறைப்பான பிரேசிங் (குறுக்குக் கம்பிப் பிடிப்பு) வைத்தால் அது எங்கே போகும்?

தளப்பொறியாளர்: நன்றி. எந்த முறை என்று நாளைக்கே சொல்லப் போவதில்லை. முதலில் ஆலையின் பராமரிப்பு ஆட்களோடு உட்கார்ந்து தொங்கும் சுமை வரைபடம் வாங்குகிறேன், இரண்டாவது கிரேன் வருமா என்றும் கேட்கிறேன். அதையும் கிரேன் தண்டவாள மட்டத்தில் அசைவு வரம்பையும் கொடுத்து இரண்டு முறையிலும் எடை கேட்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.

ஆலைபராமரிப்பு: மாட்டும் இடங்களைப் பெயின்டால் ஃபிரேமிலேயே குறித்து வையுங்கள், தம்பி. வரைபடம் ஆபீஸ் பீரோவில் தூங்கும். கிளாம்ப் போடுகிறவன் மேலேதான் பார்ப்பான்.